மார்கழிக்குள் வந்த ஜனவரி

டிசம்பர் 31 இரவு பன்னிரண்டு அடித்ததும் பட்டாசு, கேக், கைபேசியில் வாழ்த்து மழை. விடிந்தால் தெருவெங்கும் கலர்ப்பொடியில் "ஹேப்பி நியூ இயர்" என்று எழுதிய கோலங்கள். அந்தக் கோலம் போட்ட வீட்டின் சுவரில் தொங்கும் தினசரி நாட்காட்டியைப் பாருங்கள். ஜனவரி 1 என்று பெரிய எழுத்தில் இருக்கும். பக்கத்தில் சின்ன எழுத்தில் மார்கழி 16 அல்லது 17 என்று இருக்கும். ஒரே தாளில் ஒரு ஆண்டு பிறக்கிறது. இன்னொரு ஆண்டு அதன் ஒன்பதாவது மாதத்தின் நடுவில் நிற்கிறது!

அதே நாளில் இன்னொரு சடங்கும் நடக்கிறது. அதுதான் உறுதிமொழி. இனி தினமும் ஐந்து மணிக்கு எழுந்திருப்பது, ஜிம்முக்குப் போவது, டைரி எழுதுவது, அரியர் வைக்காமல் படிப்பது என்று பட்டியல் நீளும். பொங்கலுக்குக் கரும்பு வாங்கும் நேரத்தில் பட்டியலில் பாதி காணாமல் போயிருக்கும். டைரி ஒன்பதாம் பக்கத்தோடு நின்று, பிறகு பால் கணக்கு எழுதப் பயன்படும். கடைசியில் மிஞ்சுவது "நமக்கெல்லாம் இது சரிப்பட்டு வராது" என்ற ஒரு கசப்பு மட்டுமே.

இது சோம்பேறிகளின் கதை என்று ஒதுக்கிவிட முடியாது. அமெரிக்காவின் ஸ்க்ரான்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உளவியலாளர் ஜான் நார்கிராஸ் 1980களில் தன் சகா ஒருவருடன் சேர்ந்து, புத்தாண்டு உறுதிமொழி எடுத்த 200 பேரைத் தொடர்ந்து கவனித்தார். ஒரு வாரம் முடிந்தபோது 77 சதவீதம் பேர் தாக்குப்பிடித்திருந்தார்கள். ஒரு மாதத்தில் அது 55 ஆனது. இரண்டு ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது 19 சதவீதம் பேரே மிஞ்சியிருந்தார்கள்.

அப்படியானால் கேள்வி இதுதான். ஆண்டு பிறந்தால் சத்தியம் செய்ய வேண்டும் என்ற வழக்கம் எங்கிருந்து வந்தது? அது வருவதற்கு முன் இந்த மண்ணில் புது ஆண்டை எப்படி வரவேற்றார்கள்? பதிலைத் தேடிப் பாபிலோன் வரை போக வேண்டும். பிறகு கடலூருக்கும், விருத்தாசலத்துக்கும், வேப்பூருக்கும் திரும்பி வர வேண்டும்.

அறை வாங்கிய அரசன்

பழைய பாபிலோனில் வசந்த காலத்தில், நிசான் மாதத்தில், அகிது என்ற ஆண்டுப் பிறப்பு விழா பல நாட்கள் நடந்தது. அதன் ஐந்தாம் நாள் நிகழ்ச்சி விசித்திரமானது. அரசன் மர்துக் தெய்வத்தின் கோயிலுக்குள் வருவான். தலைமைப் பூசாரி அவனுடைய செங்கோலையும் கிரீடத்தையும் வாங்கி வைத்துவிட்டு, அவன் கன்னத்தில் ஓங்கி அறைவார்! பிறகு அரசன் மண்டியிட்டு, தான் நகரத்தைப் புறக்கணிக்கவில்லை, மக்களை அவமதிக்கவில்லை என்று தெய்வத்தின் முன் சொல்ல வேண்டும். அதன்பின் சின்னங்கள் திரும்பக் கிடைக்கும். மறுபடியும் ஒரு அறை விழும். கண்ணீர் வந்தால் ஆண்டு நன்றாக இருக்கும் என்று நம்பிக்கை.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அரசன் வரப்போகும் ஆண்டைப் பற்றி எந்தச் சபதமும் செய்யவில்லை. போன ஆண்டுக்குக் கணக்குச் சொல்கிறான்.

ரோமாபுரியில் நிலைமை வேறு. கி.மு. 153 முதல் அங்கே கான்சல் என்ற தலைமை ஆட்சியாளர்கள் ஜனவரி 1 அன்று பதவியேற்றார்கள். அன்று நாட்டின் நலத்துக்காக தெய்வத்திடம் நேர்ந்துகொள்வார்கள். அதாவது ஜனவரி 1க்கும் சத்தியத்துக்கும் உள்ள உறவு, பதவிப் பிரமாணத்தில் தொடங்கியது. ஆனால் சாதாரண மக்கள் என்ன செய்தார்கள்? கவிஞர் ஓவிட் தன் 'ஃபாஸ்தி' என்ற நூலில் அதைப் பதிந்திருக்கிறார். முன்னும் பின்னும் இரண்டு முகம் கொண்ட ஜேனஸ் தெய்வத்துக்கு உரிய அந்த நாளில் அத்திப்பழம், பேரீச்சை, தேன் என்று இனிப்புகளைப் பரிமாறிக்கொண்டார்கள். ஒவ்வொருவரும் தன் தொழிலில் ஏதோ கொஞ்சம் செய்து பார்த்தார்கள். முதல் நாள் சும்மா இருந்தால் ஆண்டு முழுவதும் சும்மா போய்விடும் என்ற பயம்!

நாள்குறிப்பும் சபதமும்

தனிமனிதர் தனக்குத்தானே விதி எழுதிக்கொள்ளும் பழக்கத்தைப் பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் தெளிவாகப் பார்க்கலாம். லண்டனில் கடற்படை அலுவலகத்தில் வேலை பார்த்த சாமுவேல் பீப்ஸ், 1660 ஜனவரி 1 அன்று தன் நாள்குறிப்பைத் தொடங்கினார். 1661 டிசம்பர் 31 அன்று அதில் ஒரு சபதத்தைப் பதிந்தார்: இனி நாடகமும் மதுவும் கிடையாது. அந்தச் சபதத்தை மீறியதையும், மீறியதற்குத் தனக்கே அபராதம் விதித்துக்கொண்டதையும், மறுபடி சபதம் போட்டதையும் அவரே எழுதி வைத்திருக்கிறார். அமெரிக்காவில் ஜோனதன் எட்வர்ட்ஸ் என்ற இளம் பாதிரியார் 1722, 1723ஆம் ஆண்டுகளில் தனக்காக 70 உறுதிமொழிகள் எழுதினார். அப்போது அவருக்கு இருபது வயதைத் தொட்டுக்கொண்டிருந்தது.

பீப்ஸின் சபதங்கள் பல முறை உடைந்தன. அவருடைய நாள்குறிப்போ 1669 வரை நின்றது. லண்டன் பெருந்தீயையும் கொள்ளைநோயையும் பற்றிய நேரடிச் சாட்சியமாக உலகம் இன்றும் படிப்பது அதைத்தான். சத்தியம் தோற்ற இடத்தில் எழுத்து ஜெயித்தது.

20 கிலோமீட்டருக்குள் 11 நாள்

இனி நம் ஊர்ப் பக்கம் வருவோம். கடலூருக்கு அருகில் தேவனாம்பட்டினத்தில் ஆங்கிலேயரின் செயின்ட் டேவிட் கோட்டை இருந்தது. 1746இல் சென்னையை பிரெஞ்சுக்காரர்கள் பிடித்துக்கொண்ட பிறகு, 1752 வரை கிழக்குக் கடற்கரையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமையிடமே இதுதான். இங்கிருந்து வடக்கே 20 கிலோமீட்டருக்குச் சற்று மேல் போனால் பிரெஞ்சுக்காரர்களின் புதுச்சேரி.

இந்த இரண்டு ஊர்களுக்கும் நடுவே தென்பெண்ணை ஆறு ஓடுகிறது. அன்று கூடவே பதினோரு நாளும் ஓடியது! பிரெஞ்சுக்காரர்கள் போப் கிரகோரி 1582இல் திருத்திய புதிய நாட்காட்டியைப் பயன்படுத்தினார்கள். ஆங்கிலேயர்களோ போப் சொன்னதைக் கேட்பதா என்று பழைய ஜூலியன் நாட்காட்டியையே பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஆகவே புதுச்சேரியில் ஜனவரி 12 என்றால் கடலூர்க் கோட்டையில் ஜனவரி 1. காலையில் ஒரு ஊரில் புறப்பட்டு மாலையில் மற்ற ஊரில் இறங்குகிறவர் பதினோரு நாள் பின்னால் போய்விடுவார்.

இன்னொரு வேடிக்கை, ஆங்கிலேயரின் சட்டப்படியான ஆண்டு அப்போது மார்ச் 25ஆம் தேதிதான் மாறியது. ஜனவரி 1ஐ மக்கள் புத்தாண்டு நாள் என்று சொன்னாலும், அரசாங்க ஏடுகளில் பழைய ஆண்டே மார்ச் வரை தொடரும். அதனால்தான் அக்காலக் கம்பெனி ஆவணங்களில் 1739/40 என்று இரட்டை ஆண்டுகள் காணப்படுகின்றன.

1751இல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் இயற்றிய சட்டம் இந்தக் குழப்பத்தை முடித்தது. 1752 முதல் ஆண்டு ஜனவரி 1இல் தொடங்கியது. அதே 1752இல் செப்டம்பர் 2க்கு அடுத்த நாள் செப்டம்பர் 14 ஆனது. பதினோரு நாட்கள் ஏட்டிலிருந்து நீக்கப்பட்டன.

இதனால் தமிழ் மாதக் கணக்கில் என்ன நடந்தது என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். தமிழ் ஆண்டு நட்சத்திரங்களை வைத்துக் கணக்கிடப்படுவது. கிரகோரியன் ஆண்டை விட அது மிகக் கொஞ்சம் நீளம். அந்தச் சிறு வித்தியாசம் சேர்ந்து சேர்ந்து, அறுபது எழுபது ஆண்டுகளுக்கு ஒரு நாள் வீதம் தள்ளிக்கொண்டே வருகிறது. இன்று ஏப்ரல் 14ஐ ஒட்டி வரும் சித்திரை 1, 1750 வாக்கில் ஏப்ரல் 10ஐ ஒட்டி வந்தது. இன்று ஜனவரி 14 அல்லது 15இல் பிறக்கும் தை, அன்று ஜனவரி 10 வாக்கில் பிறந்தது.

ஆக, பழைய கணக்கில் ஆங்கிலேயரின் ஜனவரி 1 தை பிறந்து இரண்டு மூன்று நாள் கழித்தே வந்துகொண்டிருந்தது. ஊரில் பொங்கல் கொண்டாடி முடித்த பிறகு கோட்டையில் புத்தாண்டு! பதினோரு நாட்களை நீக்கியதும் அந்த ஜனவரி 1 ஒரே தாவலில் பொங்கலுக்கு முன்னால் போய் மார்கழிக்குள் விழுந்தது. அன்று முதல் அது அங்கேயேதான் இருக்கிறது.

ஏன் இவ்வளவு கணக்கு என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது. மார்கழி தமிழர்களின் மாதங்களில் தனி மாதிரியானது. அதைப் பார்ப்பதற்கு முன் புதுச்சேரியில் ஒருவரைச் சந்தித்துவிடலாம்.

இரு நாட்காட்டியில் வாழ்ந்தவர்

ஆனந்தரங்கப் பிள்ளை 1709இல் பிறந்தவர். புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேக்கு துபாஷியாக இருந்தவர். துபாஷி என்றால் இரு மொழி அறிந்த இடைமனிதர். 1736 செப்டம்பர் 6 அன்று அவர் நாள்குறிப்பு எழுதத் தொடங்கினார். காதால் கேட்டதையும் கண்ணால் கண்டதையும், கப்பல் வந்ததையும் போனதையும் எழுதி வைப்பதாகத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறார். அவ்வளவுதான் அவருடைய திட்டம். ஒவ்வொரு நாளுக்கும் தமிழ் ஆண்டின் பெயர், மாதம், தேதி, கிழமையோடு ஐரோப்பியத் தேதியையும் சேர்த்து எழுதினார்.

அவர் தொடங்கிய நாள் சித்திரை 1ம் அல்ல, ஜனவரி 1ம் அல்ல. ஆவணி மாதத்தின் ஒரு சாதாரண நாள். ஆனால் இடையிடையே இடைவெளிகள் இருந்தாலும் அந்த எழுத்து 24 ஆண்டுகளைத் தாண்டி ஓடியது. போர், முற்றுகை, விலைவாசி, அரண்மனை வம்பு, ஜோசியர் சொன்ன பலன் எல்லாம் அதில் உண்டு. 1761 ஜனவரி 12 அன்று அவர் இறந்தார். அதற்குச் சில நாட்களில் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் சரணடைந்தது. அவருடைய எழுத்து 1846இல் கண்டெடுக்கப்பட்டது. 1904 முதல் 1928 வரை 12 தொகுதிகளாக ஆங்கிலத்தில் வெளிவந்தது. பதினெட்டாம் நூற்றாண்டுத் தென்னிந்தியாவை எழுதும் எவரும் இன்று அவரைத் தாண்டிப் போக முடியாது.

இனி எப்படி வாழப் போகிறேன் என்று அவர் அறிவிக்கவில்லை. இன்று என்ன நடந்தது என்று எழுதினார். டைரி ஒன்பதாம் பக்கத்தில் நின்றுபோகிறவர்களுக்கு இது ஒரு நல்ல செய்தி. எந்த நாளிலும் தொடங்கலாம். நின்றுபோனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

வேம்பின் பெயரில் ஓர் ஊர்

வேப்பூர் கடலூர் மாவட்டத்தில், விருத்தாசலத்துக்கு மேற்கே, சென்னை - திருச்சி தேசிய நெடுஞ்சாலையில் இருக்கிறது. விருத்தாசலத்திலிருந்து சின்னசேலம் வழியாகச் சேலம் போகும் சாலை இங்கேதான் அந்த நெடுஞ்சாலையை வெட்டிச் செல்கிறது. வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தை பெயர்பெற்றது. பொங்கல், தீபாவளி, பக்ரீத் சமயங்களில் கூட்டம் அலைமோதும். சுற்றிலும் மக்காச்சோளமும் பருத்தியும் விளையும் வானம் பார்த்த பூமி. ஊரின் பெயரிலேயே வேம்பு இருக்கிறது. வேப்பேரி, வேப்பங்குளம் மாதிரி, மரத்தைப் பெயரில் வைத்துக்கொண்ட எத்தனையோ தமிழ் ஊர்களில் இதுவும் ஒன்று.

வேம்புக்கும் ஆண்டுப் பிறப்புக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. வெயில் ஏறும் பங்குனி, சித்திரையில்தான் வேப்பமரம் பூக்கும். மரத்தடியில் வெள்ளைப் பாய் விரித்தது போலப் பூ உதிர்ந்து கிடக்கும். அந்தப் பூவை எடுத்து, வெல்லமும் மாங்காயும் புளியும் சேர்த்து சித்திரை முதல் நாள் பச்சடி செய்வார்கள். தெலுங்கர்களின் உகாதிப் பச்சடியும், கன்னடர்களின் வேம்பு - வெல்லமும் இதன் உறவுகள்.

ரோமானியர்கள் ஆண்டு இனிக்க வேண்டும் என்று தேன் கொடுத்தார்கள். இங்கே இனிப்போடு கசப்பையும் முதல் நாளே நாக்கில் வைத்துவிட்டார்கள். இந்த ஆண்டு தோல்வியே வராது என்று யாரும் சத்தியம் செய்யவில்லை. கசப்பு வரும், சேர்த்து விழுங்க வேண்டும் என்று குழந்தைக்குக்கூட ஒரு ஸ்பூனில் சொல்லிக் கொடுத்தார்கள்.

அதே சித்திரையில் இன்னும் சில வழக்கங்கள் உண்டு. கொங்கு நாட்டிலும் கன்னியாகுமரிப் பக்கத்திலும் முதல் நாள் இரவே தட்டில் பழம், பூ, நகை, பணம் வைத்து, அவற்றோடு ஒரு கண்ணாடியையும் வைப்பார்கள். காலையில் எழுந்ததும் கனி காண வேண்டும். அப்போது கண்ணாடியில் தன் முகமும் தெரியும். தென் மாவட்டங்களில் நல்ல நாள் பார்த்து பொன்னேர் பூட்டுவார்கள். ஊரே சேர்ந்து முதல் உழவை உழும். இலங்கைத் தமிழர்கள் மருத்துநீர் வைத்துக் குளித்து, பெரியவர்களிடம் கைவிசேஷம் வாங்குவார்கள். கோயில்களில் பஞ்சாங்கம் படிப்பார்கள். திதி, வாரம், நட்சத்திரம், யோகம், கரணம் என்ற ஐந்து உறுப்பு கொண்டதால் அது பஞ்சாங்கம். அதில் அறுபது ஆண்டுகளுக்கும் ஆளுக்கொன்றாக, இடைக்காடர் பெயரில் வழங்கும் வெண்பா இருக்கும். மழை எப்படி, விளைச்சல் எப்படி என்று அந்த வெண்பா சொல்லும். பலிக்குமா பலிக்காதா என்பது வேறு விஷயம். ஆண்டின் முதல் நாள் ஊர் கூடி உட்கார்ந்து ஒரு கவிதையைக் கேட்டது என்பது யோசிக்க வேண்டிய விஷயம்.

ஆண்டு சித்திரையில் பிறக்கிறதா, தையில் பிறக்கிறதா என்று ஒரு பெரிய விவாதமும் உண்டு. 2008இல் தமிழக அரசு தை முதல் நாளே தமிழ்ப் புத்தாண்டு என்று சட்டம் இயற்றியது. 2011இல் அந்தச் சட்டம் விலக்கப்பட்டு சித்திரை திரும்ப வந்தது. ஆவணியை முதல் மாதமாகக் கொண்டதும் உண்டு. தொல்காப்பிய உரையில் நச்சினார்க்கினியர் அதைப் பேசுகிறார். எது சரி என்ற சண்டையில் ஒன்றை மறந்துவிடுகிறோம். தொடக்கம் எங்கே என்பதை ஒவ்வொரு காலமும் தானே முடிவு செய்திருக்கிறது. ஜனவரி 1ம் அப்படி ஒரு முடிவுதான்.

முப்பது நாள் நோன்பு

இப்போது மார்கழிக்கு வருவோம். இந்த மாதத்தில் கல்யாணம் வைக்க மாட்டார்கள். புதுமனை புக மாட்டார்கள். சிலர் இதைக் கெட்ட மாதம் என்றுகூட நினைக்கிறார்கள். உண்மையில் இது ஒதுக்கி வைக்கப்பட்ட மாதம் அல்ல, ஒதுக்கி வைத்துக்கொண்ட மாதம். மற்ற வேலைகளை நிறுத்திவிட்டுப் பாடவும் கோலம் போடவும் கேட்கவும் ஒரு மாதம்.

ஆண்டாளின் திருப்பாவையில் 30 பாசுரங்கள் இருக்கின்றன, நாளுக்கு ஒன்று. அதன் இரண்டாம் பாசுரத்தைப் படித்தால் அது ஒரு உறுதிமொழிப் பட்டியல் என்று தோன்றும்! நெய்யும் பாலும் வேண்டாம், விடியற்காலையில் குளிக்க வேண்டும், கண்ணுக்கு மையும் தலைக்குப் பூவும் வேண்டாம், கோள் சொல்லக் கூடாது, முடிந்தவரை பிறருக்குக் கொடுக்க வேண்டும். ஆயிரம் ஆண்டுகளுக்கும் முன்பே எழுதப்பட்ட பட்டியல்.

ஆனால் இந்தப் பட்டியலுக்கும் ஜனவரி 1 பட்டியலுக்கும் பெரிய வித்தியாசங்கள் உள்ளன.

முதலாவது, நோன்புக்கு முடிவுத் தேதி உண்டு. "இனி வாழ்நாள் முழுக்க நெய் தொட மாட்டோம்" என்று அந்தப் பெண்கள் சொல்லவில்லை. ஒரு மாதம்தான். முடியும் நாள் தெரிந்தால்தான் மனம் தாங்கும்.

இரண்டாவது, நோன்பு தனியாக இருப்பதில்லை. பாசுரங்களில் மூன்றில் ஒரு பங்கு, தூங்கிக்கொண்டிருக்கும் தோழியை எழுப்புவதிலேயே போகிறது. எழுந்திருக்க முடியாதவளைக் கேலி செய்கிறார்கள், கெஞ்சுகிறார்கள், ஆனால் விட்டுவிட்டுப் போவதில்லை. ஐந்து மணிக்கு எழுந்திருப்பேன் என்று தனக்குள் சொல்லிக்கொண்டு அலாரத்தை அணைக்கிறவனுக்கு இல்லாதது இந்தத் தோழிகள்தான்.

மூன்றாவது, நோன்பு விருந்தில் முடிகிறது. 27ஆம் பாசுரத்தில் நெய் முழங்கை வரை வழியும் பாற்சோறு வந்துவிடுகிறது. அந்த நாளைக் கூடாரவல்லி என்று கொண்டாடி, வைணவக் கோயில்களில் அக்காரவடிசல் செய்வார்கள். நோன்பு இருப்பதே கூடி உண்பதற்காக என்பது போல!

மாணிக்கவாசகரின் திருவெம்பாவையும் இதே மாதத்துக்கு உரியது. அதன் எதிரொலி தாய்லாந்து வரை போயிருக்கிறது. பாங்காக்கில் அரசவைப் பிராமணர்கள் நடத்தும் திரியம்பாவாய் என்ற விழா திருவெம்பாவையின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அதுவும் அவர்களுக்கு ஒரு ஆண்டுத் தொடக்க விழாதான். அதோடு சேர்ந்து நடந்த பெரிய ஊஞ்சல் நிகழ்ச்சி 1935இல் நிறுத்தப்பட்டது.

சென்னையில் மார்கழி வேறு ஒரு உருவம் எடுத்தது. 1927 டிசம்பரில் சென்னையில் நடந்த காங்கிரஸ் மாநாட்டோடு ஒரு இசை மாநாடும் நடந்தது. அதன் விளைவாக 1928இல் மியூசிக் அகாடமி தொடங்கப்பட்டது. டிசம்பர் சீசன் வளர்ந்தது. இன்னொரு பக்கம் பாபநாசம் சிவன் மயிலாப்பூர் மாட வீதிகளில் விடியற்காலையில் பாடிக்கொண்டே பஜனை நடத்தி வந்தார். டிக்கெட் வாங்கிக் கேட்டவர்களும் உண்டு. வாசலில் கோலப்பொடி டப்பாவோடு நின்று கேட்டவர்களும் உண்டு.

கிறிஸ்தவர்களிடமும் இதற்கு ஒரு வடிவம் இருக்கிறது. டிசம்பர் 31 இரவு தேவாலயங்களில் நள்ளிரவு ஆராதனை நடக்கும். கடந்த ஆண்டைத் திரும்பிப் பார்த்து நன்றி சொல்வதுதான் அதன் மையம். பல சபைகளில் புது ஆண்டுக்கு என்று ஒரு வாக்குத்தத்த வசன அட்டையைக் கையில் கொடுப்பார்கள். இங்கே வாக்குக் கொடுப்பவர் மனிதர் அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். மனிதர் வாங்கிக்கொள்கிறவர்!

அழியும் கோலம், சுடும் மண்

கோலத்தை வெறும் அலங்காரம் என்று நினைப்பவர்கள் கிஃப்ட் சிரோமணியைப் படிக்க வேண்டும். சென்னை கிறிஸ்தவக் கல்லூரிப் பேராசிரியரான அவரும் சக ஆய்வாளர்களும் 1970களில் புள்ளிக் கோலத்தைக் கணினி இயலின் 'வடிவ இலக்கணம்' என்ற துறையோடு இணைத்து ஆராய்ந்தார்கள். வாசல்படியில் குனிந்து நின்ற பெண்கள் பேப்பரில் எழுதாத ஒரு கணிதத்தைக் கையில் வைத்திருந்தார்கள் என்பது உலகுக்குத் தெரிந்தது.

ஆனால் அந்தக் கோலம் மதியத்துக்குள் அழிந்துவிடும். சைக்கிள் ஏறும், எறும்பு தின்னும், ஆடு மிதிக்கும். அதற்காக யாரும் அழுவதில்லை. நாளைக்கு வேறு கோலம். நேற்று புள்ளி பிசகினால் இன்று திருத்திக்கொள்ளலாம். கோலத்துக்குப் பெயில் கிடையாது.

மார்கழியின் கடைசி நாள் போகி. பழையதைக் கழிக்கும் நாள். இதிலும் நாம் கோட்டை விட்டோம். பாயும் துடைப்பமும் எரித்த இடத்தில் டயரையும் பிளாஸ்டிக்கையும் எரிக்கத் தொடங்கினோம். 2018 ஜனவரி 13 போகி அன்று சென்னையில் புகையும் பனியும் சேர்ந்து விமானங்களே இறங்க முடியாமல் போனது. கழிக்க வேண்டியதை யோசிக்காமல் கொளுத்தினால் அது மறுபடி நம் மூக்குக்கே வரும்!

மறுநாள் தை. புதுப் பானை, புது அரிசி, புது மஞ்சள். ஆண்டின் திருப்பத்தில் ஒரு மண்பானையை வைத்தது சும்மா அல்ல. விருத்தாசலத்துக்காரர்களுக்கு மண்ணைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அந்த ஊர் பீங்கானுக்குப் பெயர்பெற்றது. செராமிக் தொழிற்பேட்டையும் செராமிக் தொழில்நுட்பம் சொல்லித் தரும் கல்வி நிலையமும் அங்கே உண்டு. கொலு பொம்மைகளும், அகல் விளக்குகளும், வீட்டு மின்பெட்டியில் இருக்கும் பீங்கான் ஃபியூஸ் கட்டைகளும் அங்கே உருவாகி வெளியூர் போகின்றன.

பீங்கான் பொம்மை செய்யும் முறை எளிமையானது. வெள்ளைக் களிமண்ணைத் தண்ணீரில் கலக்கிக் குழம்பாக்கி, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் ஊற்றுவார்கள். அச்சு தண்ணீரை உறிஞ்ச, ஓரத்தில் மண் படிந்து சுவர் போல நிற்கும். மிச்சக் குழம்பைக் கவிழ்த்துவிட்டு, இறுகியதும் அச்சைப் பிரித்துப் பொம்மையை எடுப்பார்கள். ஓரம் சீவி, காய வைத்து, சூளையில் சுட்டு, மெருகு பூசி மறுபடி சுடுவார்கள்.

இதில் ஒரு பாடம் ஒளிந்திருக்கிறது. சூளைக்குப் போவதற்கு முன் பொம்மை உடைந்தால் நஷ்டம் இல்லை. தண்ணீரில் ஊறப்போட்டால் அது மறுபடி குழம்பாகி இன்னொரு பொம்மையாகும். சுட்ட பிறகு உடைந்தால்? ஓடுதான். நம் உறுதிமொழிகள் பெரும்பாலும் யோசிக்காமல் டிசம்பர் 31 இரவே சூளையில் வைத்த பொம்மைகள். ஈரம் காயாமல் சூளைக்குள் போன மண் வெடிக்காமல் என்ன செய்யும்!

எழுதிக் கட்டுவது

விருத்தாசலத்துக்குப் பக்கத்தில் மணவாளநல்லூரில் கொளஞ்சியப்பர் கோயில் இருக்கிறது. இங்கே 'பிராது கட்டுதல்' என்று ஒரு வழக்கம். குறை உள்ளவர்கள் அதை ஒரு வெள்ளைத் தாளில், கலெக்டருக்கு மனு எழுதுவது போல, கொளஞ்சியப்பருக்கு எழுதுவார்கள். பூஜை செய்து, முனியப்பர் சன்னதியில் உள்ள வேலில் அந்தத் தாளைக் கட்டிவிடுவார்கள். குறிப்பிட்ட கெடுவுக்குள் நியாயம் கிடைக்கும் என்பது நம்பிக்கை. நிறைவேறினால் மீண்டும் வந்து பிராதை வாபஸ் வாங்க வேண்டும்.

தெய்வ நம்பிக்கை இருப்பவர், இல்லாதவர் இருவருக்குமே இதில் ஒரு விஷயம் இருக்கிறது. மனதில் சுற்றிக்கொண்டிருக்கும் ஒன்றை, பெயர், ஊர் போட்டு எழுத்தில் வைக்க வேண்டுமானால் முதலில் அது என்ன என்று தெரிய வேண்டும். "எல்லாமே பிரச்னை" என்று பிராது எழுத முடியாது. உட்கார்ந்து யோசித்து, எது உண்மையான குறை என்று பிரிக்க வேண்டும். எழுதி முடிக்கும்போதே பாதி தெளிவு வந்துவிடும். கெடு முடிந்ததும் திரும்பி வந்து பார்க்கவும் வேண்டும். புத்தாண்டு உறுதிமொழியை யார் திரும்பி வந்து பார்க்கிறார்கள்?

பதினான்கு நாள்

வரலாறு தற்செயலாக நமக்கு ஒரு பரிசு கொடுத்திருக்கிறது. 1752இல் நீக்கப்பட்ட பதினோரு நாட்கள் ஜனவரி 1ஐப் பொங்கலுக்குப் பின்னாலிருந்து முன்னால் கொண்டுவந்தன. அதன்பின் மெல்ல மெல்லத் தள்ளிப்போன தை, அந்த இடைவெளியை இன்று சுமார் பதினான்கு நாளாக அகலப்படுத்தியிருக்கிறது. ஆங்கில ஆண்டு பிறந்துவிட்டது. தை இன்னும் பிறக்கவில்லை. உலகத்தில் பலருக்கும் கிடைக்காத இடைவெளி இது. அவர்கள் ஜனவரி 1 அன்று ஓடத் தொடங்கியே ஆக வேண்டும். நமக்கு இரண்டு வாரம் தவணை இருக்கிறது!

அந்த இரண்டு வாரத்துக்கு ஆண்டாளின் தோழிகளிடம் கடன் வாங்கலாம்: முடிவுத் தேதியும் கூட்டும் கடைசியில் ஒரு விருந்தும். பாபிலோன் அரசனிடமிருந்து போன ஆண்டுக்குக் கணக்குச் சொல்லும் தைரியத்தை வாங்கலாம், அறை இல்லாமல். ஆனந்தரங்கப் பிள்ளையிடமிருந்து கண்டதையும் கேட்டதையும் எழுதும் பழக்கத்தை வாங்கலாம். ஓவிட் சொன்ன ரோமானியர் மாதிரி அவரவர் கைத்திறனில் சின்னதாக ஒன்று செய்து பார்க்கலாம்: ஒரு கோலம், ஒரு பாட்டு, ஒரு பக்கக் கட்டுரை, களிமண்ணில் ஒரு அகல். சரியாக வராவிட்டால் பரவாயில்லை, மண் இன்னும் பச்சையாகத்தான் இருக்கிறது, ஊறப்போட்டுக்கொள்ளலாம். எதைச் சூளையில் வைப்பது என்று பொங்கல் பானை பொங்கும்போது முடிவு செய்தால் போதும்.

அப்படியும் அந்த ஆண்டு கசந்தால், சித்திரை இருக்கவே இருக்கிறது. வேப்பூரிலும் மற்ற ஊர்களிலும் வேம்பு அப்போது பூத்திருக்கும்.